உறிஞ்சான் கணக்கில் பன்னிரண்டு செடி

கஞ்சா வளர்க்க அரசாங்கமே மானியம் தரும் என்று சுருளியாண்டியின் அப்பாவிடம் யாராவது அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால், சொன்னவன் எதை இழுத்துவிட்டு வந்திருக்கிறான் என்று அவன் வாயை முகர்ந்து பார்த்திருப்பார். இப்போது சுருளியாண்டியிடம் உரிமம் இருந்தது. செடிக்குச் செடி எண் போட்ட அட்டை இருந்தது. வலிக்கும் வலிப்புக்குமான மருந்துக்கு இலையும் பூவும் போவதாக வாசலில் பச்சைப் பலகை தொங்கியது. இல்லாதது நிம்மதி ஒன்றுதான். முன்பெல்லாம் மலைச்சரிவுக்கு வருஷத்தில் ஒரு முறை போலீஸ்காரர்கள் வந்து, செடியைப் பிடுங்கி, போட்டோ எடுத்துவிட்டுப் போவார்கள். இப்போது தோட்டக்கலை, மின்வாரியம், நீர்வளம், மருந்துத் தரம் என்று வாரத்துக்கு ஒரு ஜீப் ஏறி வந்தது. வெள்ளைப்பாறை டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் போலீஸ்காரன் எவ்வளவோ தேவலை என்றுதான் முடியும்.

செடியின் மேல் குற்றம் சொல்ல முடியாது. அதற்குத் தாகம் அதிகம், அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவனைப் போல ஊற்ற ஊற்றக் குடிக்கும். ஆற்றில் தண்ணீர் பாதியாகி, வாய்க்காலில் அதிலும் பாதியாகி, கடைமடைக்காரர்கள் மண்வெட்டியோடு மேல்மடைக்கு ஏறி வந்து சண்டை பிடிக்கும் நாள் வந்தபோது, வெள்ளைப்பாறைப் பேரூராட்சி ஒரு திட்டம் போட்டது. வாய்க்காலில் தனக்குள்ள முறைத் தண்ணீரைக் கடைமடைக்கு எழுதிக் கொடுக்கிற கஞ்சா விவசாயிக்கு, பேரூராட்சி தன் செலவில் ஒரு கூடம் கட்டித் தரும். காற்றுப் புகாத கூடம். கூரை முழுக்கச் சூரியத் தகடு. உள்ளே, உச்சியில், ஒரு கருவி.

கருவியைப் பொருத்திய அன்று அதை விளக்கியவள் பேரூராட்சியின் உதவிப் பொறியாளர் பெர்னதெத். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவள். மலை ஏறினால் காது அடைக்கிறது என்று எப்போதும் சத்தமாகப் பேசுவாள்.

"செடி குடிக்குத தண்ணியில முக்கால்வாசிக்கு மேல இலை வழியா மூச்சா வெளிய விட்டுருதுண்ணே. வெட்டவெளியில அது காத்தோட போயிரும். இங்க போவாது. இந்த மிஷினு அந்த மூச்சைப் பிடிச்சு, குளுர வச்சு, திரும்பத் தண்ணியாக்கித் தொட்டியில விட்டுரும். அதே தண்ணி திரும்ப வேருக்கு. எத்தனை செடி மூச்சு விடுதுன்னு அதுவே எண்ணிக்கிடும். உங்களுக்குக் குழாய்த் தண்ணி கொஞ்சம்தான் வேணும்."

"அப்ப செடியோட மூச்சையே செடிக்கு ஊத்துறோம்."

"ஆமா."

"எங்க ஊட்ல நான் பேசுனதையே எனக்குத் திருப்பி ஊத்துறாக, அது மாதிரி" என்றான் சுருளியாண்டி. பின்னால் நின்றிருந்த மனைவி போதுமணி, அதைக் கேட்டுக்கொண்டதாகக் கனைத்தாள்.

கருவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளம். ஊர் வைத்த பெயர் உறிஞ்சான்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. செடிகள் பத்துக் குடம் மூச்சு விட்டால் எட்டுக் குடமாவது திரும்பத் தொட்டிக்கு வர வேண்டும். அறுவடைக்கு முன் நடக்கும் ஆய்வில் அது தேறாவிட்டால் கூடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். வாய்க்கால் முறை திரும்பி வராது. எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான். அதாவது தேறாதவனுக்குக் கூடமும் இருக்காது, தண்ணீரும் இருக்காது, மலைச்சரிவில் காய்ந்த மண் மட்டும் இருக்கும். சுருளியாண்டி இதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடவில்லை. படித்துப் பார்த்து, எட்டென்ன ஒன்பதே வரும் என்று நினைத்துக்கொண்டு போட்டான். தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருப்பது அவனுடைய பழைய நோய்.

ஆறு குடம்தான் வந்தது.

அக்கம்பக்கத்துக் கூடங்களில் எட்டு வந்தது, எட்டரை வந்தது. அவனுடைய தொட்டியில் மட்டும் ஆறு என்ற கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏற மாட்டேன் என்றது. உறிஞ்சானைத் துடைத்தான். குழாய்களைத் தடவிப் பார்த்தான். ஒரு வெள்ளிக்கிழமை கருவிக்குச் சந்தனம் வைத்துப் பூப் போட்டான். அன்றைக்கு ஐந்தேமுக்கால் வந்தது.

ஆய்வுக்கு ஒரு மாதம் இருந்தபோதுதான் சின்னமாயன் வந்து நின்றான். கடைமடையில் நெல் போட்டிருப்பவன். சுருளியாண்டி எழுதிக் கொடுத்த முறைத் தண்ணீர் பாய்வது அவனுடைய வயலுக்குத்தான். ஒயிலாட்டக் குழுவுக்கு அவனே வாத்தியார். சித்திரைத் திருவிழாவுக்கு ஆட்டம் பழக வேண்டும், இடம் இல்லை என்றான். வழக்கமாகப் பழகுகிற பேரூராட்சித் திடல் முழுக்க இப்போது சூரியத் தகடு. அந்த மின்சாரமும் கஞ்சாக் கூடங்களுக்குத்தான் வருகிறது.

"எங்க திடலத் தின்ன செடிதான மாமா. ஒரு மாசம் எங்களுக்கு இடம் குடுத்தா என்னவாம்?"

ஒயிலாட்டம் வரிசையில் நின்று ஆடுகிற ஆட்டம். செடிகளுக்கு நடுவே நடைபாதையும் வரிசையாகத்தான் இருந்தது. பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றால் ஓர் இலை கூட உரசாது. மருந்துச் செடி என்பதால் உள்ளே போகிறவர்கள் தலைக்கு வலைத்தொப்பியும் காலுக்கு உறையும் வெள்ளை அங்கியும் போட வேண்டும். அப்படியே போட்டுக்கொண்டு, கையில் மட்டும் வழக்கமான சிவப்புக் கைக்குட்டையோடு, அவர்கள் ஆடியதைப் பார்த்த போதுமணி, ஆஸ்பத்திரியில் யாருக்கோ பேய் பிடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சிரிக்க இடம் தேடி வெளியே போனாள்.

மறுநாள் காலையில் தொட்டி எட்டைத் தொட்டிருந்தது.

சுருளியாண்டி கோட்டைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். பிறகு நடைபாதையைப் பார்த்தான். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றாலும், தனக்கு லாபம் வருகிற இடத்தில் மட்டும் அவன் மூளை நன்றாக வேலை செய்யும். உறிஞ்சானுக்கு எந்த மூச்சு என்று தெரியாது. இலை விட்டாலும் மூச்சுதான், ஆள் விட்டாலும் மூச்சுதான். வியர்வைக்கும் அதே கதைதான்.

அன்று முதல் ஆட்டக்காரர்களுக்கு ராஜ உபசாரம். வேகம் பற்றவில்லை, திருவிழாவில் நம் ஊர் பேர் கெட்டுவிடும் என்று ஓரத்தில் நின்று உசுப்பேற்றினான். அவர்கள் ஆடும் நேரத்தில் குளிர்காற்றை நிறுத்தி வைத்தால் மின்சாரமும் மிச்சம், வியர்வையும் கூடுதல் என்று அடுத்த வாரம் கண்டுபிடித்தான். தொட்டி எட்டைத் தாண்டி, ஒன்பதைத் தாண்டி, பத்தையும் தாண்டியது. பேரூராட்சியிலிருந்து பாராட்டு வந்தது. ஒன்றியத்திலேயே தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சம் பிடித்த சிறந்த கூடம் என்று மேடையில் சால்வை போர்த்தினார்கள். போர்த்தியதும் வியர்த்தது. அந்த வியர்வையையும் ஏன் வீணாக்க வேண்டும் என்று, சால்வையைப் போர்த்திக்கொண்டே கூடத்துக்குள் ஒரு சுற்று வந்தான். கைப்பேசியில் உறிஞ்சான் ஏதேதோ செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தது. பாராட்டாகத்தான் இருக்கும் என்று அவன் திறக்கவே இல்லை.

ஆய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், மூன்றாவது அடவில் சின்னமாயன் விழுந்தான்.

சுழன்று திரும்பியவன் கால் மடங்கி அப்படியே செடி வரிசைக்கு நடுவில் உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான். மற்றவர்கள் அதுவும் புது அடவு என்று நினைத்து இரண்டு பேர் கூடவே உட்கார்ந்தார்கள். தூக்கிக்கொண்டு வந்து வெளிக்காற்றில் போட்டபோது அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது. உடம்பு சுட்டது, ஆனால் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. போதுமணி உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டாள். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு. மூன்றாவது சொம்பில் கண் திறந்தான்.

"காலையில இருந்து என்ன குடிச்ச நீயி?" என்று கேட்டாள்.

கூட ஆடியவன் ஒருவன்தான் சொன்னான். கடைமடைத் தெருக் குழாயில் கடைசியாகத் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகிறதாம். வாய்க்கால் தண்ணீர் வயலுக்கு ஆகும், உரமும் மருந்தும் கலந்தது, வாயில் வைக்க முடியாது. லாரித் தண்ணீரில் வீட்டுக்கு இரண்டு குடம் கிடைத்தது. அதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு இவன் ஆட வந்துவிட்டான். வாத்தியார் மட்டும் இல்லை, பாதிப்பேர் அப்படித்தான் வந்தார்கள்.

"வராம இருக்கவேண்டியதுதானடா" என்றான் சுருளியாண்டி.

"தொட்டி ஏறலன்னு நீ மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சியே மாமா. நாங்க ஆடுனா ஏறுதுன்னு எங்களுக்குத் தெரியாதா? உன் மொறையிலதான என் நெல்லு பச்சையா நிக்கிது." சின்னமாயன் மூச்சு வாங்கிக்கொண்டான். "அதுக்காகக் குளுர்காத்தையும் நிப்பாட்டுவன்னு நெனைக்கல."

அதைச் சொல்லும்போது சின்னமாயன் லேசாகச் சிரித்தான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சுருளியாண்டிக்குத் தோன்றியது.

எல்லோரும் போன பிறகு போதுமணி பாத்திரங்களைக் கழுவினாள். கழுவிய சத்தத்திலேயே அவள் சொல்ல வேண்டியது எல்லாம் இருந்தது. வாயால் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"செடி அவன் ரத்தத்தக் குடிச்சிருக்கு. நாளைக்கு அந்தம்மா வரும்போது என்ன சொல்லப் போறீக?"

சுருளியாண்டி அதை நிறைய யோசித்தான். சொல்லாவிட்டால் கூடம் தேறும். தேறினால் இதே வழியை ஒன்றியம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கச் சொல்வார்கள். மேடையிலேயே ஒருவர் கேட்டார், உங்கள் உத்தியை மற்ற விவசாயிகளுக்கும் சொல்வீர்களா என்று. ஒவ்வொரு கூடத்திலும் தாகத்தோடு ஒரு வரிசை ஆள் ஆடிக்கொண்டிருப்பதை அவன் மனசுக்குள் பார்த்தான். சொல்லிவிட்டால் கூடம் போகும், தண்ணீர் போகும், அடுத்த வருஷம் இவனே யார் கூடத்திலாவது ஆடப் போக வேண்டியிருக்கும். ஆடவும் வராது.

பெர்னதெத் காலையில் வந்து அங்கியை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் சொல்லிவிட்டான். முகவுரை எல்லாம் வைத்திருந்தான், ஒன்றும் வரவில்லை. மீட்டது எட்டும் இல்லை பத்தும் இல்லை, நிஜம் ஆறுதான், மிச்சம் பன்னிரண்டு ஆளின் வியர்வை, நேற்று ஒருவன் விழுந்தான், எழுதிக்கொள்ளுங்கள் மேடம் என்றான்.

பெர்னதெத் வலைத்தொப்பியை மாட்டி முடித்தாள்.

"எனக்குத் தெரியுமேண்ணே."

"எப்ப இருந்து?"

"ரெண்டு வாரமா. விட்ட தண்ணிய விடத் திரும்ப வந்த தண்ணி ஜாஸ்தியா இருந்தா பின்ன எப்பிடி? உங்க கூடம் குடிக்காமலே ஒண்ணுக்குப் போவுதுன்னு ஆபீஸ்ல சிரிச்சோம். நீங்களா சொல்லுதீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்." அவள் சிரிப்பை நிறுத்தினாள். "ஆள் விழுந்தது தெரியாது. அது என் தப்பும்தான். அன்னைக்கே வந்திருக்கணும்."

அவள் கருவியின் கீழ் நின்று கைப்பலகையின் திரையை விரல்களால் தள்ளிக்கொண்டே பேசினாள். உறிஞ்சானில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு கதவில். பக்கத்துக் கூடக்காரர்கள் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கதவைத் திறக்கிறார்கள். சுருளியாண்டியின் கதவு பகல் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் செடியின் மூச்சு அவனோடு வெளியே நடந்து போய்விடுகிறது.

"உள்ள போயி அப்பிடி என்னதாண்ணே செய்வீங்க?"

"சும்மா பாப்பேன்" என்றான் சுருளியாண்டி. கருவிக்குச் சந்தனம் பூசியது இப்போதுதான் உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"நான் நூறு தடவ சொல்லிட்டேன், புதுப்பொண்டாட்டியக் கூட இப்பிடிப் பாக்கலன்னு" என்றாள் போதுமணி.

"அப்ப ஆறுன்னு எழுதிக்கங்க. கூடத்த அடுத்தவனுக்குக் குடுத்துருங்க" என்றான் சுருளியாண்டி.

பெர்னதெத் ஆறு என்று எழுதினாள். சிறந்த கூடம் என்பதை அடித்தாள். சால்வையைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டதற்கு, அதை வைத்துக்கொண்டு பேரூராட்சி என்ன செய்யும் என்று கேட்டாள். பிறகு கூடத்தை மாற்றுகிற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். கைப்பலகை கூடாது என்றது.

"நீங்க மிஷினு அனுப்புத செய்தி எதையும் பாக்குததே இல்லையா?"

"பாராட்டுதான?"

"பாராட்டுத்தான். போன மாசம் உங்க கூடத்துல புதுசா பன்னெண்டு செடி மூச்சு விடுதுன்னு மிஷினு எண்ணியிருக்கு. பெரிய பெரிய செடி. நல்லா மிச்சம் பிடிக்குத கூடத்துக்குப் புதுச் செடி வச்சுக்கிட அனுமதியும் உண்டு, அதுக்குக் கூடுதல் தண்ணியும் உண்டு. யாரும் கேக்காமலே பேரூராட்சி குடுத்திருக்கு. சுத்தத் தண்ணி, தனிக் குழாய். சுவத்துக்கு அங்கிட்டு வால்வு மூடியே கெடக்கு."

"எவ்வளவு தண்ணி மேடம்?" என்று போதுமணி கேட்டாள்.

பெர்னதெத் சொன்னாள். போதுமணி உதட்டுக்குள் கணக்குப் போட்டாள். கடைமடைத் தெருவில் ஓர் ஆளுக்குப் பேரூராட்சி ஒதுக்கிய தண்ணீரைவிட, பேரூராட்சி ஒரு கஞ்சாச் செடிக்கு ஒதுக்கிய தண்ணீர் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஒதுக்கியதுகூட வராத தெருவோடு அதை ஒப்பிட்டால் மடங்கே போட முடியாது. உறிஞ்சான் மூவரின் மூச்சையும் எடுத்து மெதுவாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆக, நாங்க மனுசரா இருந்தாத்தான் தண்ணி இல்ல" என்றாள் போதுமணி.

பெர்னதெத் மலை ஏறியதிலிருந்து முதல்முறையாக மெதுவாகப் பேசினாள். அவள் வீட்டுத் தெருவிலும் கடல் முழுக்கத் தண்ணீர், குடத்தில் ஒன்றும் இருக்காது என்றாள். பிறகு சட்டத்தைச் சொன்னாள். புதுச் செடி இருக்கிற கூடத்தை முதல் அறுவடை முடியாமல் யாருக்கும் மாற்றக்கூடாது. புதுச் செடியின் மூச்சு முதல் போகம் வரைக்கும் மீட்புக் கணக்கில் சேராது. ஆகவே பழைய செடிகளைக் கொண்டு எட்டுக் குடத்தை நிஜமாகவே எட்ட ஒரு போகம் அவகாசம் உண்டு. புதுச் செடி ஒவ்வொரு நாளும் வந்து, அதாவது நின்று, கொஞ்ச நேரமாவது மூச்சு விட்டுக் கணக்கில் ஏறினால் போதும். தண்ணீர் அந்தச் செடிக்கே போய்ச் சேர வேண்டும்.

"குடத்துல பிடிச்சுக்கிட்டுப் போனா?"

"வேரு வீட்டுல இருந்தா வீட்டுலதான ஊத்தணும்" என்றாள் பெர்னதெத், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

சின்னமாயனையும் மற்றவர்களையும் உடனே கூட்டி வருகிறேன், குளிர்காற்றை முழுசாகப் போட்டுவிடுகிறேன், ஆடவே வேண்டாம், நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன் என்று சுருளியாண்டி கதவுப் பக்கம் திரும்பினான்.

"நில்லுங்கண்ணே. அவங்கள்லாம் ஆம்பளைங்கதான?"

"ஆமா."

"ஆண் செடி ஒண்ணு இருந்தாலும் மகரந்தம் தூவிப் பூ எல்லாம் விதையாப் போயிரும், மருந்துக்கு ஆவாது. பதிவு பண்ணுத அன்னைக்கு ஆண் செடியப் பிடுங்கி வெளிய போட்டுரணும். அது என் வேலை. கையெழுத்து நான்தான் போடணும்." அவள் சுருளியாண்டியை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களும் வெளிய வரணும்ணே."

போதுமணி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கடைமடைத் தெருவுக்கு இறங்கிவிட்டாள்.

மதியத்துக்குள் பன்னிரண்டு பெண்கள் மேலே வந்தார்கள். சின்னமாயன் மனைவி முதலில் நின்றாள். வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்து, வரிசையில் உட்கார்ந்து, தண்ணீர் வராத கதையை நாலு நாள் பாக்கியோடு பேசத் தொடங்கினார்கள். கதவு சாத்தப்பட்டது. வெளியே, சுவரின் மறுபக்கம், சுருளியாண்டி வால்வைத் திருகினான். முதலில் காற்று வந்தது, பிறகு கலங்கலாக, பிறகு கண்ணாடி மாதிரி. பிடுங்கி எறியப்பட்ட ஆண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். சின்னமாயன் குடத்தை வைக்கக்கூடப் பொறுக்காமல் கையைக் குவித்து, குனிந்து, நிறுத்தாமல் குடித்தான். சுருளியாண்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு வால்வு சரியாகத் திறந்திருக்கிறதா என்று தேவையில்லாமல் பார்த்தான்.

பெர்னதெத் பதிவை முடிக்கும் இடத்துக்கு வந்திருந்தாள். கதவின் சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே கேட்டாள்.

"அக்கா, புது ரகம்னா பேரு வைக்கணும். என்னன்னு போட?"

உள்ளே பேச்சு நின்றது. அவர்களை உட்கார வைக்க உள்ளே போன போதுமணியின் குரல்தான் வந்தது.

"கடைமடைன்னு போடுங்க."

பெர்னதெத் போட்டாள். "சிறப்புக் குணம்னு ஒண்ணு கேக்குது. என்னத்தச் சொல்ல?"

இதற்கு வெளியிலிருந்து பதில் வந்தது. சின்னமாயன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"தண்ணி இல்லாட்டியும் ரொம்ப நாள் தாக்குப் பிடிக்கும்னு எழுதுங்க மேடம்" என்றான். "ஆனா குடுத்துப் பாத்ததில்லன்னும் சேத்து எழுதுங்க."